கர்த்தர் அடைக்காமல் விட்ட கசிவு

குறுவை நடவு முடிந்த வாரத்தில் எனக்குச் சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வந்தது. முதல் தடவை மருந்து ஏற்றி, முடி கொட்டி, எப்படியோ பிழைத்தவள் நான். இந்த முறை தஞ்சாவூர் டாக்டரம்மா எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் பலவீனமா இருக்கும்மா. வழக்கமான மருந்தைத் தாங்காது. நானோ மருந்து ஏத்திப் பார்ப்போம்" என்றார்.

நானோ என்றால் எனக்குத் தெரிந்தது சொசைட்டியில் விற்கிற நானோ யூரியா பாட்டில்தான். பயத்தில் அவர் சொன்ன மற்றது எதுவும் மனதில் நிற்கவில்லை. கட்டியின் ரத்தக் குழாய்களில் கசிவு இருக்கிறது என்பது மட்டும் நின்றது. பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன்.

எங்களுக்கு இருப்பது முக்கால் ஏக்கர். கூலிக்கு உழைத்த அப்பா, போராடிப் பட்டா வாங்கிய நிலம். வரப்பில் நண்டு வளை போட்டால் கட்டிய தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். சேற்றைக் குதிகாலால் மிதித்து அடைப்பேன். அந்தப் புத்திதான் வேலை செய்தது. "கசிவை அடைத்துவிடும் ஆண்டவரே" என்று ஜெபித்தேன். சபையாரும் மூன்று வாரம் எனக்காக உபவாசம் இருந்தார்கள்.

மருந்து ஏற்றும் நாளில் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏங்க டாக்டர், ரத்தத்துல ஏத்துனா உடம்பு பூரா ஓடுமே. கட்டிக்குப் போகணும்னு மருந்துக்கு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குத் தெரியாதும்மா. தலைமுடி பருமனை ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு இருக்கிற கொழுப்பு உருண்டைக்குள்ள மருந்தை வச்சிருக்காங்க. நல்ல ரத்தக் குழாய்ல இருந்து அது லேசுல வெளிய வராது. கட்டி அவசரமா வளந்தது, அதோட குழாய்ல ஓட்டை இருக்கு. அந்தக் கசிவு வழியாத்தான் மருந்து உள்ள போய்த் தங்கும். இதயத்துக்குப் பாதிப்பு குறையும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படுத்தபடியே பாஸ்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "பாஸ்டரம்மா, ஜெபத்தை நிறுத்தச் சொல்லுங்க! ஓட்டை அப்படியே இருக்கணுமாம்!" டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள்.

மருந்தின் பக்கவிளைவாக உள்ளங்கையும் பாதமும் தோலுரிந்து எரிந்தன. அந்தச் சம்பாப் பருவம் முழுக்க நான் சேற்றில் கால் வைக்கவில்லை. அறுவடை சமயத்தில் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கிக் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது. இதயம் தாக்குப்பிடித்துவிட்டது. இன்னும் சிகிச்சை நடக்கிறது, பயம் போய்விட்டது.

வியாதியோடு இருப்பவர்களே, கர்த்தரிடம் கேளுங்கள். டாக்டரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று யாராவது சோர்ந்திருந்தால் என்னைப் பாருங்கள். ஒரு சபையே பட்டினி கிடந்து கேட்டதை அவர் தரவில்லை. அதனால்தான் இன்று உயிரோடு உங்கள் முன் நிற்கிறேன்.