கபடி மைதானத்தில் காதுகுத்து

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்தமாட்டார்கள். அந்தத் தாய்மாமன் நான். அக்கா குடும்பம் பொம்மிடியில் கோயிலில் காத்திருந்தது. நானோ அதியமான்கோட்டையில் கபடிக்கான ரப்பர் மேட் விரித்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுப் போட்டி நடத்தும் கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு என்றால் எங்களுக்கு அன்றைக்குத்தான் மேட்ச். மற்ற நாளெல்லாம் அடுத்த மேட்சுக்கு அலைச்சல். நின்றபடியே சாப்பிட்டுப் பழகி, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் புரையேறும். தூக்கத்தில் "டைம் அவுட்" என்று கத்துவேனாம். மனைவி தலையணையோடு ஹாலுக்குப் போய்விடுவாள். உடம்பும் மனசும் ஓய்ந்துபோயிருந்தன, வெளியே சொல்லத்தான் பயம். லீவு கேட்டதற்கு முதலாளி சிரித்தார்.

"காதுகுத்துதானே தம்பி? காது எங்க ஓடிப் போவுது? ஃபைனல் முடிச்சுட்டுப் போங்க."

அக்காவுக்குப் போன் போட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நீ வரலன்னா நாங்க வர்றோம்டா. மடிய மட்டும் காலியா வச்சுக்க" என்றாள்.

செமி ஃபைனல் முடியும் நேரம் வேன் வந்து நின்றது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா, சீர்த்தட்டோடு என் மனைவி, காது குத்தும் ஆசாரி, வேன் நிறையச் சொந்தக்காரர்கள். செருப்போடு மேட் மேல் ஏறிய அக்கா வீட்டுக்காரரை ரெஃப்ரி விசில் ஊதி இறக்கினார். கூட்டம் கைதட்டியது. வேலையும் கெடவில்லை, முறையும் கெடவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். மேட் நடுவில் சம்மணம் போட்டேன்.

மடியில் வைத்ததும் பாப்பா வீறிட்டாள்.

"ஊசிய இன்னும் எடுக்கவே இல்லீங்களே" என்றார் ஆசாரி.

"ஊசிக்கு அழுவலீங்க. அவளுக்கு ஆளத் தெரியல" என்றாள் அக்கா. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகமாக வலித்தது. பாப்பாவை நான் பார்த்ததெல்லாம் போனில்தான்.

மைக்கில் ஃபைனலுக்கு அழைத்தார்கள். முதலாளி வாட்சைத் தட்டிக் காட்டினார்.

"பாப்பா எங்கிட்டப் பழகட்டுங்க சார். அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு டீம் ஆட்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஆறடி உயர ரைடர் ஒருவர் "கபடி கபடி" என்று இரண்டு விரலால் அவள் வயிற்றின்மேல் ரைடு வந்தார். பாப்பா சிரித்துவிட்டாள். காது குத்தும்போது மறுபடி அழத்தான் செய்தாள். ஆனால் இந்த முறை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஃபைனல் தாமதமாகத் தொடங்கியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. மறுநாள் முதலாளியிடம் மாதம் இரண்டு ஞாயிறு லீவு கேட்டேன். முறைத்தார், கொடுத்தார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஃபைனலைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். பிள்ளை நம் முகம் பழகுகிற வயதைத் தள்ளி வைக்க முடியாது.