கடப்பு வழியாகப் போன வைபை

எங்கள் வீட்டில் போன் கதைக்கிற இடம் கோழிக்கூட்டடி. சீதன வீடு என்பதால் என் வாப்பா மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டு, புயல் வந்தாலும் அசையாதபடி பலமாகக் கட்டித் தந்தார். புயல் மட்டுமல்ல, சிக்னலும் உள்ளே வராதபடி கட்டிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து இந்த வீட்டுக்குக் குடிவந்த என் கணவருக்கு, இதில் இருந்த காலத்தைவிடக் கட்டாரில் இருக்கிற காலம் கூடிவிட்டது. அவருக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. இங்கே பின்னேரம் அஸர் தொழுது முடிகிற நேரம் அவர் வீடியோ கோல் எடுப்பார். நான் மகளையும் இழுத்துக்கொண்டு கோழிக்கூட்டடிக்கு ஓடுவேன்.

வந்தாலும் என்ன வருகிறார்? ஒரு கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, அப்படியே நிற்பார். "மகள், வாப்பாட..." என்பதோடு குரல் போகும். திரும்பி வரும்போது "...சாப்பிட்டயா?" என்பது மட்டும் வரும். இடையில் சேவல் கூவும். "சேவல் நல்லா வெளங்குது" என்று அங்கிருந்து சொல்வார். மனைவியின் குரல் வெளங்குதா என்று கேட்டால் மறுபடியும் நின்றுவிடுவார்.

மகள் தவழ்கிற வயதில் அவர் போனார். இப்போது அவள் ஓடுகிறாள், வாய் காட்டுகிறாள், ஆனால் போனைக் காட்டினால் மட்டும் என் சட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். ஒருநாள் பக்கத்து வீட்டு ராத்தாவின் கணவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ராத்தா என் கூடப்பிறந்த மூத்தவள். மகள் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"உம்மா, எங்கட வாப்பாக்கு கால் இரிக்கா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதை அவரிடம் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காலைக் காட்டத்தானோ என்னவோ, எழும்பினார். எழும்பின இடத்திலேயே லைன் அறுந்து போனது. இரவு ஒரு குரல் மெசேஜ் வந்தது.

"பெருநாளைக்கு லீவு கேட்டிரிக்கன். வந்து ஊட்டு முத்தத்தில நிக்கக்குள்ள புள்ள என்னக் கண்டு பயந்து அழுதா நான் என்ன செய்யிற?"

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். கோபம் வந்தால் நான் கல்முனை பஸாருக்குப் போய்விடுவேன். அப்படித்தான் ரூட்டர் வாங்கப் போனேன்.

புதிதாக வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஒடுங்கின ஒழுங்கைக்குள் ஒரு புதுப் பெட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கிப் பாருங்கள். பெட்டியில் என்ன இருக்கிறது, யார் அனுப்பினது, எப்போது திறப்பது எல்லாவற்றையும் நீங்கள் வாசலைத் திறக்கும் முன்னமே நாலு வீட்டில் கதைத்து முடித்திருப்பார்கள். பாவித்த ரூட்டர் என்றால் பெட்டி இல்லை. ஷொப்பிங் பேக்கில் போட்டு, மேலே இரண்டு கட்டுக் கீரையை வைத்துக்கொண்டு வரலாம்.

போன் திருத்துகிற கடைக்காரர் தலையில் ஒரு லைட்டைக் கட்டிக்கொண்டு எதையோ ஊதிக்கொண்டிருந்தார். பாவித்த ரூட்டர் கேட்டதும் சிலதை எடுத்து மேசையில் பரப்பினார். எனக்கு ரூட்டர் பார்த்துப் பழக்கமில்லை. மீன் பார்த்துத்தான் பழக்கம். ஒவ்வொன்றாகத் தூக்கி, கொம்பை நிமிர்த்தி, அடியைத் திருப்பி, கடைசியில் மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தேன்.

"ராத்தா, அது மீனில்ல" என்றார்.

"தெரியும். பழுதான சாமான் எதுவா இருந்தாலும் மணக்கும்" என்றேன்.

அவர் வேறு வழியில்லாமல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். "அப்ப இத எடுங்க. படிச்ச மனிசன் ஒராள் பாவிச்சது. கண்ட கண்ட படமெல்லாம் ஓடின சாமான் இல்ல இது."

ரூட்டருக்குள் ஓடின படம் கருவாட்டுச் சட்டி மணம் மாதிரி அதிலேயே தங்கிவிடுமா என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். என் சிம்மைப் போட்டு, பச்சை லைட் எரியவிட்டு, என் போனைத் திறந்து காட்டினார். வைபையின் பெயர் வந்து நின்றது: மாஷா அல்லாஹ்.

"பாத்தீங்களா, பேரே பரக்கத்தான பேர்" என்றார். பிறகு, நேர்மையான மனிதர்தான், இதையும் கேட்டார்: "இது பழைய ஆள் வெச்ச பேர். அழிச்சிப் போட்டு உங்கட பேர வெச்சித் தரட்டா?"

"என்ன கத கதைக்கிறீங்க? அல்லாஹ்ட பேர அழிச்சிப் போட்டு என்ட பேரயா வைக்கிற? அஸ்தஃபிருல்லாஹ்!"

"சரி, பாஸ்வேர்ட்டையாவது மாத்துவமே."

அடியில் பிளாஸ்டரில் எழுதி ஒட்டியிருந்த பாஸ்வேர்ட்டைப் பார்த்தேன். அது பிஸ்மியில் தொடங்கியது. அதிலும் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. "எல்லாம் இரிக்கிறபடி இரிக்கட்டும்" என்றேன். கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் பையில் போட்டார்.

"ஊடு கடக்கரப் பக்கமா? அப்ப கொம்ப மேக்க திருப்பி வைங்க. கடலுக்க டவர் இல்ல."

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலே, ஜன்னலை ஒட்டி, கொம்பை மேற்கே திருப்பி வைத்தேன். லைட் எல்லாம் எரிந்தது. கோழிக்கூட்டடிக்கு இனிப் போகத் தேவையில்லை என்ற சந்தோசத்தில் அன்றைக்கு முட்டை எடுக்கவே மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மகளுக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, கட்டிலில் இருத்தினேன். அவர் வந்தார். முன்னைவிட மோசம். முன்பு முகமாவது நின்றது. இப்போது முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, மூக்கு ஒரு பக்கமும் தாடி இன்னொரு பக்கமுமாகப் போனது. மகள் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிட்டாள். இரண்டொரு நாளில், மாதத்துக்கென்று போட்ட டேட்டாவும் முடிந்துவிட்டதாக மெசேஜ் வந்தது.

நான் என்னதான் செய்யவில்லை? ரூட்டரைப் பிஸ்கட் டின்னுக்கு மேலே ஏற்றி வைத்தேன். துடைத்தேன். ஏசினேன். ஏசினதற்கு மன்னிப்பாக ஓதி ஊதியும் பார்த்தேன். கண்ணூறு பட்டிருக்குமோ என்று நினைத்தால், மாஷா அல்லாஹ் என்றே பெயர் வைத்திருக்கிற சாமானுக்குக் கண்ணூறு எப்படிப் படும்? திரும்ப டேட்டா போட்டேன். அதுவும் போன வழி தெரியவில்லை. கடைக்காரரை மனதுக்குள் நன்றாகப் பேசி முடித்து, நேரில் பேசப் புறப்பட்ட அன்றுதான் ராத்தா வந்தாள்.

எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு மதில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மதிலிலும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கடப்பு விட்டிருப்போம். பெண்கள் ரோட்டில் இறங்காமலே ஒழுங்கையின் தலையிலிருந்து கடைசி வீடு வரை போய் வரலாம். கறி போகும், ஊர்க்கதை போகும், காய்ச்சல் மருந்து போகும். அந்தக் கடப்பால்தான் ராத்தா ஒரு கோப்பையில் இறால் பொரியலோடு வந்தாள். அவள் நல்ல சந்தோசத்தில் இருந்தாள்.

"புள்ள, ஒண்டு தெரியுமா? பக்கத்து ஒழுங்க ரியூசன் சேர்ட வைபை இப்ப எங்கட குசினி அடுப்படி வரைக்கும் வருதுகா! முந்தி புள்ளையளக் கூட்டிட்டு வரப் போய் அவர்ட வாசல் வாங்கில குந்தி இரிக்கக்குள்ள மட்டும்தான் வரும். எல்லா உம்மாமாருக்கும் அவர்தான் பாஸ்வேர்ட் தந்த. இப்ப என்னமோ பெரிசாப் போட்டிரிக்கார் போல. பாவம், நல்ல மனிசன். தொழுதிட்டு அவருக்கு ஒரு துஆ கேக்காம நான் எழும்புறல்ல."

என் கை இறாலோடு நின்றது.

"அவர்ட வைபைட பேர் என்ன ராத்தா?"

"மாஷா அல்லாஹ்."

நான் அலுமாரியைக் காட்டினேன். அவள் அலுமாரியைப் பார்த்தாள், ரூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரியூசன் சேர் புது லைன் இழுத்துவிட்டுப் பழையதைப் பஸாரில் விற்றிருக்கிறார். அதே பெயரோடும் அதே பாஸ்வேர்ட்டோடும் நான் அதை வாங்கி வந்து ஒழுங்கையின் நடுவில் ஏற்றி வைத்திருக்கிறேன். பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பின உம்மாமாரின் போன் எல்லாம், கேட்காமல் கொள்ளாமல், பழைய சிநேகிதத்தில் தானாக வந்து ஏறியிருக்கின்றன.

"நான் டேட்டா போடுறன், நீங்க அவருக்கு துஆ கேக்கிறீங்க!" என்று கத்தினேன்.

"அதுக்கேன் கத்துறாய்? இனி ஒனக்குக் கேக்கன்." அவள் ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டாள். "அதான் பாத்தன், வெள்ளிக்கிழம பின்னேரத்தில மட்டும் இழுத்து இழுத்து வருது. நீ கோல் எடுக்கிறதாலயா?"

குற்றம் என் தலையிலேயே வந்து விழுந்தது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. இப்போதே பாஸ்வேர்ட்டை மாற்றப் போகிறேன், பிஸ்மி இருந்தாலும் சரி, அல்லாஹ் மன்னிப்பான் என்று ரூட்டரைக் கையில் எடுத்தேன். ராத்தா தடுக்கவில்லை.

"மாத்து. ஒன்ட சாமான்தானே. ஒழுங்கக் கடசி ஊட்டு மாமி மட்டும் பாவம். பேரப்பிள்ளட போனால இந்த வைபையிலதான் குவைத்தில இரிக்கிற மகனோட கதைக்கிறா. முந்தியெல்லாம் அவ எப்ப அவன்ட முகத்தக் கண்டா?"

ரூட்டரைத் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்தேன். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அந்த மாமியின் மகனுடைய முகத்தை நான் எப்படி மறைப்பது? அது கடப்பில் கல் அடுக்கி அடைப்பது மாதிரி. அப்படி அடைத்த வீட்டுக்குப் பிறகு யாரும் கறி கொடுத்ததில்லை.

"சரி, எல்லாரும் வைபையப் பாவிச்சிக்கங்க. வெள்ளிக்கிழம அஸர்லேர்ந்து மஃரிபு வரைக்கும் மட்டும் எனக்கு வேணும். அந்த நேரம் ஒருத்தரும் வைபை போடப்படாது."

"அவ்வளவுதானே, நான் சொல்றன்" என்று ராத்தா பொறுப்பெடுத்தாள். அன்று பின்னேரம் வரை அவள் எல்லாக் கடப்பாலும் போய் வந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சொன்ன சொல் தவறாமல் எல்லோரும் வைபையை அணைத்தார்கள். அணைத்த பிறகு போனில் பார்க்க ஒன்றும் இல்லையே. அதனால் கடப்பு கடப்பாக என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அறைக்குள் இடம் போதாமல் நான் மகளோடு ஹோலில் வந்து இருக்கிறேன். ஹோல் நிறையப் பெண்கள், பிள்ளைகள். கடைசி வீட்டு மாமி ஒரு கதிரையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, "நம்மளும் விட்டுக் குடுத்திரிக்கமே, எப்பிடி வருதெண்டு பாப்பம்" என்றார்.

அவர் வந்தார். முழு முகத்தோடு, தாடியோடு, பின்னால் கொடியில் தொங்குகிற துவாயோடு, அங்கே ஓடுகிற ஏசிச் சத்தத்தோடு வந்தார். நான் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்த கதையில் ஒன்றைத் தொடங்க வாயைத் திறந்தேன். அதற்குள் போன் என் கையில் இல்லை.

"தம்பி, சுகமா? மெலிஞ்சிட்டீங்க."

"வரக்குள்ள ஒரு போர்வ கொண்டாங்க, பூப்போட்ட பெரிய போர்வ."

"மச்சான், எங்கட ஊட்டாருக்கு அங்க ஒரு வேல பாருங்களே."

போன் கை மாறிக் கை மாறிப் போனது. அவரும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொன்னார். நான் என் வீட்டிலேயே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் வழக்கம்போல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். கடைசியில் போன் ராத்தாவின் சின்ன மகளிடம் போனது. அவள் விழுந்த பல்லைக் காட்டினாள். அவர் சிரித்து, ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுகிறபடி கூப்பிட்டார்.

"மாஷா அல்லாஹ், என்ட மகள் பெரிய ஆளா வந்துட்டா!"

என் சட்டையிலிருந்து அந்தக் கை விட்டுப் போனது தெரிந்தது. கால்களுக்கிடையில் புகுந்து, மாமியின் கதிரையைத் தள்ளிக்கொண்டு போய், மகள் அந்தப் போனைப் பறித்தாள்.

"இது எங்கட வாப்பா! நீங்க போய் உங்கட வாப்பாவோட கதைங்க!"

பறித்தவள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திவிட்டாள். ஹோலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவில் காதை வைத்தேன். உள்ளே அவள் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். இது என்ட தலகாணி, இது உம்மாட அலுமாரி, உம்மா நேத்து எனக்கு ஏசின, நீங்க வந்து உம்மாக்கு ஏசுங்க. "ஓம் மகள், ஓம் மகள்" என்று அவருடைய குரல் ஒரு இடத்திலும் அறுபடாமல் வந்தது. பிறகு அந்தக் குரல் கரகரத்தது. நான் கதவைத் தட்டப் போன கையை இறக்கினேன். எனக்கு அன்றைக்கு அவரோடு ஒரு வார்த்தை கதைக்கக் கிடைக்கவில்லை.

பொழுது பட்டு, பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு அதான் சொல்லி முடிந்தது. ராத்தா கையில் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நேரம் முடிஞ்சி போச்சி புள்ள. இனி வைபையப் போடலாம்தானே?"

"கொஞ்சம் பொறுங்க ராத்தா" என்றேன். "புள்ள வாப்பாவோட கதைக்கிறா."