சிவம் அண்ணையின் காலும் குப்பைமேனி வட்டமும்

கிருமி வளர்த்துப் பிழைக்கிற தொழிலில், ஒன்றுமே வளராத சின்ன இடமொன்று தட்டில் தெரிந்தால் அதுதான் எங்களுக்குத் திருநாள்.

அன்ரிபயோட்டிக் மருந்துகளுக்கு மசியாத கிருமிகளை எங்கள் ஊர்ச் செடிகளில் உள்ள ஏதாவது ஒன்று மடக்குமா என்று பார்ப்பது என் வேலை. பாதிப் படிப்பைத் தமிழிலும் மீதியை ஜெர்மனிலும் முடித்து, நாற்பத்தாறு வயதில் யாழ்ப்பாணம் திரும்பியவள் நான். ஆய்வுகூடம் என்பது இரண்டு அறை, ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, பிறகு ஜெயந்தி. ஜெயந்திதான் தட்டுகளைத் தயாரிப்பவள், என்னை விடச் சின்னவள், என்னை விடக் கிருமிகளை நன்றாகத் தெரிந்தவள். சோதனை முடிவுக்காகக் காத்திருந்து களைத்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். மிஞ்சிய குளிகையைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து.

எட்டுப் பொட்டு

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் சிவம் அண்ணைக்கு அறுபது வயது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடது பாதத்தில் மண்வெட்டி பட்ட புண் இரண்டு மாதமாக மாறவில்லை. ஆஸ்பத்திரியில் பஞ்சில் ஒற்றி எடுத்த கிருமியில் ஒரு பங்கு, அவருடைய சம்மதத்தோடு எங்களுக்கும் வந்தது.

கிருமிக்குத் தீனியான கூழ் ஊற்றிய தட்டில் அதைப் பூசி, மேலே நெற்றிப்பொட்டளவு கடதாசித் துண்டுகளை வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். மறுநாள் பார்த்தால், எட்டில் ஏழு பொட்டுகளைக் கிருமி விளிம்புவரை முட்டிக்கொண்டு நின்றது. எட்டாவது மட்டும் வட்டம் காட்டியது. ஆஸ்பத்திரியில் படுத்து ஊசியாக ஏற்றவேண்டிய, கடைசிக்கென்று வைத்திருக்கும் மருந்து. அதுவும் கேட்காவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் அவரிடமே சொல்லி, வந்து சேர நாளும் குறித்துக் கொடுத்தார்.

ஜெயந்தி தட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அக்கா, உதுகள் மருந்தைச் சாப்பிட்டுத்தான் கொழுத்திருக்குதுகள் போலை."

பிஸ்கட் பேணி

முன்பு என்னென்ன மருந்து எடுத்தார் என்று குறித்துக்கொள்ள வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மணி அக்கா ஒரு பிஸ்கட் வந்த தகரப் பேணியை மேசையில் கவிழ்த்தார். பாதி வெட்டிய குளிகை அட்டைகள் குவிந்தன. ஐந்து நாளுக்குத் தந்ததை இரண்டு நாள் விழுங்குவது, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைப் பேணிக்குள் போடுவது, அடுத்தமுறை யாருக்கு என்ன வந்தாலும் அதிலிருந்து ஒன்று எடுப்பது. முகத்தைச் சுளிக்கத்தான் நினைத்தேன். ஆனால் என் கைப்பைக்குள்ளேயே ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த அட்டையில் மூன்று மிச்சம் கிடந்தது நினைவுக்கு வந்தது. உங்கள் பேணி எந்த அலுமாரியில் என்று நான் கேட்கப்போவதில்லை.

பாதியில் விட்டால் தப்பிப்பிழைத்த கிருமி மருந்தைச் சமாளிக்கப் பழகிவிடும் என்று விளக்கினேன். மணி அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நான் ஒண்டையும் வீணாக்கேல்லை. போன மாசம் ஆட்டுக்கு வயித்தாலை போனதுக்கும் உதிலைதான் ரெண்டு குடுத்தனான்."

வேலியில் முளைத்த மருந்து

அடுத்த கிழமை சிவம் அண்ணை நொண்டி நொண்டி ஆய்வுகூடத்துக்கே வந்தார். நாங்கள் செடிகளைச் சோதிப்பதை நான் சொல்லக் கேட்டவர்; கையில் ஒரு சொப்பின் பை நிறையப் புண்ணுக்குக் கட்டுகிற குப்பைமேனி, தன் வேலியில் பிடுங்கியது, பளபளவென்று, ஓர் ஓட்டை இல்லாமல். கழுவி, உலர்த்தி, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்தோம். சாறு தோய்ந்த பொட்டு ஒன்று. ஸ்பிரிட்டின் வேலையை இலையின் வேலையாக நினைத்துவிடாமலிருக்க, வெறும் ஸ்பிரிட் தோய்ந்த பொட்டு ஒன்று. இரண்டையும் அவருடைய கிருமியின் மேலேயே வைத்தோம்.

ஸ்பிரிட்டைச் சுற்றி ஒன்றுமில்லை. குப்பைமேனியைச் சுற்றி இரண்டு ரூபாய் நாணயக் குற்றியளவு வட்டம்! ஒரு தட்டை நம்பி வாயைத் திறக்கக்கூடாது என்று ஜெர்மனில் படித்த முதல் பாடத்தை அன்று தமிழில் மீறினேன். அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது: "அப்ப இனி ஏன் பிள்ளை நான் ஊசிக்குப் போய்ப் படுப்பான்? மருந்து என்ரை வேலியிலை முளைச்சு நிக்குது."

வடிவான இலை

நான் அதைப் பகிடி என்று நினைத்தேன்.

திரும்பச் செய்து பார்க்க இலை போதவில்லை. ஜெயந்தி அளவெட்டியில் உள்ள தன் வீட்டு வளவிலிருந்து பிடுங்கி வந்தாள். அதே கிருமி, அதே ஸ்பிரிட். வட்டம் உளுந்தளவு. நான்கு தடவை செய்தோம். நான்கு தடவையும் உளுந்துதான். ஒரே செடி ஊருக்கொரு குணம் காட்டுமா என்று குழம்பி, நீர்வேலிக்குப் போனேன்.

சிவம் அண்ணை கதிரையில் காலை நீட்டியபடி இருந்தார். துணிக்கட்டுக்குள் அரைத்த குப்பைமேனி. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் கடந்து நான்கு நாளாகிவிட்டது. இரண்டு விரல்கள் கறுத்துக்கொண்டு வந்தன. வேலியைப் பார்த்தேன், இலைகளில் மங்கலாக நீலம் படிந்திருந்தது. வாழையின் இலைப்புள்ளிக்கு அடிக்கிற செம்பு மருந்து. ஒட்டுப்பசை கலந்து அடித்தால் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை கழுவிப் போகாது. செம்புக்குக் கிருமியும் தாங்காது.

"அண்ணை, வேலிக்கும் மருந்தடிச்சனீங்களோ?" என்று கேட்டேன். அவர் பெருமையோடுதான் சொன்னார்: "ஓம் பிள்ளை, உமக்குத் தாற இலை வடிவா இருக்க வேணுமெண்டு பிடுங்க முதல் அந்தக் கிழமைக்குள்ளை ரெண்டுதரம் அடிச்சனான்."

பத்தாம் நாள்

பெரிய வட்டம் செம்பினுடையது, அதை நம்பச் சொன்ன பிழை என்னுடையது என்று நேரே சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி அக்காதான் கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவினார். நான் ஓட்டோ பிடித்தேன்.

எட்டாவது மருந்தை ஏற்றினார்கள். தினமும் வேலைக்கு முன் வார்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன். அவர் கூரையைப் பார்ப்பார். நான் அவருடைய காய்ச்சல் அட்டையைப் பார்ப்பேன். மன்னிப்புக் கேட்பதற்கு எந்த மொழியும் அந்நேரம் உதவவில்லை. போவதை மட்டும் விடவில்லை. விரல் இரண்டு போயின, கால் தங்கியது. பத்தாம் நாள் அவரே தலையைத் திருப்பினார்: "என்ன பிள்ளை, உம்மடை உளுந்து வளந்திட்டுதோ?"

ஓட்டை இலை

உளுந்து வளரவில்லை. ஆனால் தோற்றுப்போன ஏழு மருந்துகளில் ஒன்றோடு ஜெயந்தி வீட்டுக் குப்பைமேனிச் சாற்றையும் சேர்த்து வைத்தபோது, தனித்தனியே இரண்டாலும் முடியாத அளவுக்கு வட்டம் விரிந்தது. இந்தமுறை ஆறு தடவை செய்து பார்க்கும்வரை நான் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. இதுவும் தட்டில் நடப்பதுதான். மனிதக் கால்வரை வர எத்தனை வருடமோ, வராமலே போகவும் கூடும். சாற்றில் உள்ள எத்தனையோ பொருட்களில் எது அந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தெடுக்க, மருந்து படாத இலை சாக்குக்கணக்கில் வேண்டும்.

அதைக் கேள்விப்பட்டு, பொல்லை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். சொப்பின் பையை மேசையில் வைத்தார். "வேலிக்கரையிலை பத்து முழத்துக்கு மருந்தடிக்கேல்லை, பக்கத்திலை நிக்கிற வாழைக்கும் அடிக்கேல்லை. இலை ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும். வட்டம் கிட்டம் விழுந்தா எனக்குப் போன் எடாதையும், ஜெயந்திக்கு மட்டும் சொல்லும்."

இவ்வளவு தூரம் திரும்பி வந்து நான் இதுவரை மீட்டது கிருமியிடமிருந்து ஓர் உளுந்தளவும் சிவம் அண்ணையிடமிருந்து பத்து முழமும்தான் என்றாலும், இரண்டு பேரையும் நான் விடுவதாக இல்லை.