கிளெனிஸ் ஹாடோ அடித்த முளை

“நான் அடிச்ச முளையை நானே பிடுங்கினதா சரித்திரமே கிடையாது!” என்று முழங்கிவிட்டுத்தான் கிளெனிஸ் ஹாடோ சுத்தியலை ஓங்குவார். வடக்கு ஆற்றோர ஊர்களில் எந்தக் கட்டடம் எங்கே நிற்கவேண்டும், எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகத் தீர்ப்பு வழங்கிவரும் பெண்மணி. மேல்முறையீடு கிடையாது.

காலணியைக் கழற்றுவார். வெறுங்காலால் நடந்தே நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளப்பார். வெயில் வடக்கிலிருந்து விழும் அந்தத் தென்கோள நாட்டில், நண்பகலில் தன் நிழலுக்கு முதுகைக் காட்டி நின்று வடக்கைக் கண்டுகொள்வார். “முதல்ல வெயில், அப்புறம் காத்து, அப்புறம் ஆள் வர்ற வழி. சுவரெல்லாம் கடைசியிலதான்.” மேடுபள்ளம் குறித்த வரைபடத்தை யாராவது நீட்டினால், அதை விரித்து அதன்மேல் இறைச்சி அடைத்த ‘மீட் பை’ பலகாரத்தை வைத்துச் சாப்பிடுவார். “நடக்கத் தெரியாதவனுக்குத்தான் இதெல்லாம்.”

போன ஜூலையில், அங்கே குளிர்காலத்தில், பாலர் பள்ளிக்கு இடம் குறித்ததும் இப்படியே. நிலத்தின் தாழ்ந்த மூலையில் குளிர்கால வெயில் பூனைபோலச் சுருண்டு கிடந்தது. மேடு காற்றை மறித்தது. கிளெனிஸ் சொக்கிப்போனார். அந்த நிலத்தில் மாடு மேய்க்கும் மெர்வ் டிரான்டர் வேலியில் சாய்ந்தபடி குரல் கொடுத்தார்.

“அங்க என் மாடுகூட படுக்காது, கிளெனிஸ்.”

“உன் மாடு எந்தக் காலேஜ்ல படிச்சுது, மெர்வ்?”

“படிக்கல. அதான் மேட்டுல படுக்குது.”

முளைகள் நான்கும் பள்ளத்திலேயே இறங்கின.

கட்டட ஒப்பந்தக்காரர் டெஸ் குவில்டி, பன்னிரண்டு ஆண்டுகளாக கிளெனிஸின் பாதங்களைப் பைபிளைவிட அதிகமாக நம்புகிறவர். கோடை மழை கொட்டும் பிப்ரவரியில், அஸ்திவாரம் தோண்டும் நாளன்று பொக்லைனோடும் கிளெனிஸோடும் வந்தவர், வாயைத் திறந்தார், மூட மறந்தார்.

முந்தின நாள் பெய்த மழை முழுவதும் அங்கே கூடியிருந்தது. முளைகளுக்கு நடுவே, மதியத் தூக்க அறை வரவேண்டிய இடத்தில், ஏழு காட்டு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. வாசல் வைக்கவேண்டிய இடைவெளி வழியாகவே எட்டாவதும் உள்ளே வந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் டெஸ் பொக்லைனை அணைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அங்கே தூங்கப்போகும் இருபத்தாறு குழந்தைகளில் ஒன்று அவருடைய பேத்தி.

“கிளெனிஸ், என்ன இது?”

“தண்ணி.”

“அது தெரியுதும்மா! எப்படி?”

“ஜூலையில இது இல்லையே,” என்றார் கிளெனிஸ். இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் உண்டு என்பது டெஸுக்கு அன்றைய இரண்டாவது அதிர்ச்சி. வேலியோரம் நின்ற மெர்வ் சிரிக்கவில்லை, அது மூன்றாவது.

“பொக்லைன்காரன் கேக்கறான். தோண்டச் சொல்லவா?” என்றார் டெஸ்.

கிளெனிஸ் முழங்காலளவு நீரில் இறங்கி, முதல் முளையை இரண்டு கைகளாலும் அசைத்து அசைத்துப் பிடுங்கினார். வாத்துகள் விலகி வழிவிட்டன. யார் முகத்தையும் பாராமல் மேடேறினார். அங்கே ஒரு பழுப்புப் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் எந்திரிம்மா,” என்றார்.

பசு எழுந்தது. அது படுத்திருந்த, ஈரம் படாத, இன்னும் சூடு ஆறாத புல்லில் முளையை ஊன்றி, ஒரு வார்த்தையும் பேசாமல், மெதுவாக அடிக்கத் தொடங்கினார்.