அரி என்றால் எறும்பு

ஜப்பான்காரர்கள் ஊரை ஆண்டு, சயாம் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் நான் வாத்தியார். ஜப்பான் மொழியும் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு. மாலையில் நான் படித்ததைக் காலையில் பிள்ளைகளுக்குக் கொட்டினேன். பயத்தில் நாற்காலியில் உட்கார முடியாது. வெளியே ஆள் பிடிக்கும் லோரி நின்றால் பாடம் நின்றது; லோரி நகர்ந்த பிறகுதான் மூச்சு நகர்ந்தது.

புத்தகம் இல்லை. பிள்ளைகளை ரம்புத்தான் மரத்தடிக்கு அழைத்துப்போய், எறும்பை ஆராயுங்கள் என்றேன். யாரும் என்னைக் கேட்கக் கூடாது, எறும்பைக் கேட்க வேண்டும். மரவள்ளித் துணுக்கை ஒரு பக்கமும் தேங்காய்ப்பூவை ஒரு பக்கமும் வைத்துக் குந்தியிருந்தார்கள். முதலில் எதற்குப் போகிறது? ஒன்று கண்டது மற்றவற்றுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு மலையாள வீட்டுச் சிறுமி எறும்புச் சாரையின் நடுவே ஈரவிரலால் துடைத்தாள். அந்த இடத்துக்கு வந்த எறும்புகள் திகைத்து இங்குமங்கும் அலைந்தன.

"வாசம் போச்சு சார். அதான் வழியும் போச்சு."

எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. எறும்புக்கு ஜப்பான் மொழியில் 'அரி' என்று பலகையில் எழுதினேன். பிடித்து வைத்துப் பார்க்க, நாளை ஆளுக்கொரு டின் கொண்டுவரச் சொன்னேன்.

மலையாளத்தில் அரி என்றால் அரிசி. நாளைக்கு ஸ்கூலில் அரி, டின் வேண்டும் என்று அந்தச் சிறுமி வீட்டில் சொன்னதுதான் தாமதம்; அவள் அம்மா மிச்சத்தைக் கேட்கவில்லை. புருஷன் சயாமுக்குப் போய்ச் சேதியில்லை. கைக்குழந்தைப் பருவம் அப்போதுதான் தாண்டிய சின்னவனுக்குக் கால் வீங்கி, மரவள்ளி வயிற்றில் தங்காமல் வாந்தியாகிக்கொண்டிருந்தது. விடிந்ததும் பெரிய பிஸ்கட் டின்னோடு பள்ளி வாசலில் நின்றாள். அவள் சொல்லக் கேட்டு, பின்னால் இன்னும் சில பெண்கள்.

"அரி எங்க சாரே?"

மகளின் பாடத்தைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மரத்தடியில் நிறைய இருக்கிறது என்று உற்சாகமாகக் கை காட்டினேன். எல்லோரும் விரைந்து போனார்கள். போய், தரையைப் பார்த்து நின்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது; பலகையில் எழுதிய 'அரி' எறும்புதான் என்று சொல்லிச் சொல்லிப் புரியவைத்தேன்.

"எறும்புக்கே இங்க மரவள்ளிதான். நமக்கு அரிசி போடுவாங்களாக்கும்" என்றாள் ஒரு தமிழ்ப்பெண். சிரித்தபடியே மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவனின் அம்மா மட்டும் நகரவில்லை.

"நம்ம அரிக்கு அவங்க பாஷையில என்ன சாரே?"

"கோமெ" என்றேன்.

கோமெ, கோமெ என்று முணுமுணுத்தபடி டின்னை இடுக்கிக்கொண்டு, ஜப்பான் சிப்பாய்களின் அரிசிக் கிடங்கு இருந்த பக்கம் நடந்தாள். போகாதே என்றேன், திரும்பவில்லை. பின்னால் ஓடப்போன மகளைப் பிடித்துக்கொண்டேன். அன்று பாடம் நடக்கவில்லை. நான்தான் நடந்தேன், வகுப்புக்கும் வாசலுக்குமாக.

வெயில் ஏறியபின் வந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. டின்னின் அடி மறையும் அளவுக்கு அரிசி.

"குனிஞ்சு குனிஞ்சு கேட்டேன். ஒருத்தன் அடிச்சான். இன்னொருத்தன் கொடுத்தான்." மகளின் கையைப் பிடித்தாள். "நீங்க சொன்ன சொல்லு சரிதான் சாரே. கஞ்சி வைக்கணும், போறேன்."