ஓர் ஆளுக்கு ஒரு நோய்

இப்போது பிள்ளைகள் கைப்பேசியிலேயே அட்டவணை போட்டுவிடுகிறார்கள். சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட மருந்தகத்தில் நோயாளிகளைப் பதியும் வேலைக்கு நான் சேர்ந்தபோது கணினியில் ‘நோய்’ என்று ஒரே ஒரு தலைப்புதான் இருந்தது. ஓர் ஆளுக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு நோய். என் அக்கா ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஏலச்செடிக்குப் பூச்சிமருந்தடிக்கும் கூட்டத்தில் ஓஸ் குழாய் இழுப்பவள். “தலை வெடிக்குதுலே. ஒரே வாந்தி. கண்ணு வேற மங்குது,” என்றாள். மூன்றில் எதை எழுத? ‘தலைவலி’ என்று மட்டும் தட்டினேன்.

டாக்டரம்மா மீனாட்சிபுரத்துக்காரர். என் பின்னால் நின்று பார்த்தவர், “இப்பிடி ஒண்ணொண்ணாப் பிச்சுப் போட்டா மருந்தடிதான் காரணம்னு யாருக்குத் தம்பி தெரியும்?” என்று கத்தியே விட்டார். அடுத்த மருந்தடிக்கு முன்னால் அந்த மருந்தை நிறுத்தியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதிப் பார்த்தோம். கணினி அதை ஏதோ புது நோய் என்று தனியாக எண்ணியது. நோய்க்கு ஒரு வரியாகப் பிரித்தோம். அக்கா மூன்று ஆளாகிவிட்டாள். மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்தார்: “டாக்டரே, நம்ம தோட்டத்துல இத்தன ஆளே கிடையாதே!” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கடைசியில் டாக்டரம்மாவுக்குத்தான் வழி தோன்றியது. ஆளுக்கு ஒரே வரி. தலைவலி, வாந்தி, கண் மங்கல் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, கீழே ஆம் அல்லது இல்லை. ஓரத்தில் ‘மருந்தடித்தவரா’ என்று இன்னொன்று. வரிசைப்படுத்தியதும் மூன்று நோய்த் தலைப்பிலும் ‘ஆம்’ உள்ளவர்கள் மேலே வந்து நின்றார்கள். ஒருவர் விடாமல் மருந்தடித்தவர்கள். அக்காவும் இருந்தாள். “அட சாமி,” என்று டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த முறை மேனேஜர் சிரிக்கவில்லை. நிதானமாகப் படித்தார். “சரி, இந்த ஆளுகள மாத்திருவோம்,” என்றார்.

“ஆள இல்லீங்க, மருந்த நிறுத்துங்க!” டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“காய்க்கிற நேரம், டாக்டரே.” பேச்சு அவ்வளவுதான்.

அக்காவை நிறுத்திவிட்டார்கள். மருந்தடிக்குத்தான் கூலி கூடுதல், அதை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. அவள் இடத்துக்கு அத்தான் போனார். அடுத்த மருந்தடி முடிந்து மருந்தகத்துக்கு வந்தபோது அவருக்கு எதிரில் இருந்த பெஞ்சு தெரியவில்லை. நான் பெயரை ஏற்றப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதாத மாப்ள. எழுதினா என்னையும் நிப்பாட்டிருவாங்க.”

டாக்டரம்மா மாத்திரையைக் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதன்பிறகு மருந்தடிக்கும் ஆட்கள் யாரும் எங்கள் பக்கம் வரவேயில்லை. மாதக் கடைசியில் மேனேஜர் அந்த மாதத்து அட்டவணையைத் திறந்தார். எல்லாத் தலைப்பின் கீழும் ‘இல்லை’ என்றே இருந்தது.

“பாத்தீங்களா டாக்டரே,” என்றார் மகிழ்ச்சியாக, “ஆள மாத்துனதும் எல்லாம் சரியாயிருச்சு.”