கறுத்துப்போன கைமரங்கள்

மியூரியல் தர்லோவுக்கு அழுக்கு என்றால் ஜென்மப் பகை. இங்கிலாந்தின் சஃபோக்கில் 'மூன்று லாடம்' என்ற மதுக்கடையை, அந்த ஊர்ப் பப்பை, இருபத்தாறு வருஷமாகக் கூட்டித் துடைக்கிறவள். குனிந்து நுழையும் வாசலிலிருந்து, நாலு பேர் உள்ளேயே உட்கார்ந்து குளிர்காயும் கணப்பு வரை அவள் கை படாத மூலை கிடையாது. புருஷனை முதலில் பார்த்தது அங்கேதான். அவன் போனபின் பேச்சுத்துணை கிடைத்ததும் அங்கேதான். ஒரே குறை, பரண். கூரையைத் தாங்கும் கைமரங்கள் கன்னங்கரேலென்று கிடந்தன. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவைத்திருந்தாள்.

அந்த வசந்தத்தில், பப்பின் சொந்தக்காரக் கம்பெனி அதை இடித்துவிட்டு வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னது. செங்கல் முகப்பைக் காட்டி, நூற்றைம்பது வருஷக் கட்டடத்தில் என்ன பெரிய பழமை என்று கேட்டது. நிஜமாகவே பழசு என்று அரசாங்க அதிகாரி எழுதிக்கொடுத்தால் ஒரு பயலும் தொட முடியாது. அவர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை மியூரியல் கறுப்புத் தண்ணீர் வாளியோடு ஏணியில் இறங்குவதை, பப்பை நடத்தும் லென் பார்த்துவிட்டான்.

"மேல என்னம்மா பண்றே?"

"வர்ற மனுஷன் நம்ம பரணப் பாத்து மூஞ்சி சுளிக்கணுமா? சலவைச் சோடா போட்டு ஆறு மரத்த வெளுத்துட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு. மீதி நாளைக்கு."

மறுநாள் வந்த அதிகாரி ஆஷ்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கீழே எல்லாவற்றையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மியூரியல் பின்தொடரப் பரணில் ஏறியவன் அசையாமல் நின்றான்.

"இத யாரு தேச்சது?"

"நான்தான் சார். மன்னிச்சுக்கணும், மீதிய இன்னிக்கே..."

"ஐயோ, தொடாதீங்கம்மா." அவன் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். "புகைபோக்கியே இல்லாத காலத்துல கூடத்து நடுவுல தீ மூட்டுவாங்க. அந்தப் புகை ஏறிப் படிஞ்ச கரி இது. ஐந்நூறு வருஷமாவது இருக்கும். செங்கலெல்லாம் அப்புறம் மாட்டிவிட்ட சட்டை."

"அப்ப நான் தேச்ச ஆறும்?"

"போனது போனதுதான். இன்னும் பதினாலு இருக்கே. பழசுன்னு எழுதிக்குடுக்க எனக்கு அது போதும்."

கரி படிந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். அழுகை அடங்குமுன் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் மாதம், பப்பை இடிக்கக்கூடாதென்று உத்தரவு வந்தது. அன்று பப்பில் நிற்க இடமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பரணைக் காட்டவேண்டும் என்ற உற்சாகத்தில், லேசாகத் தூசி தட்டலாமென்று லென் துடைப்பத்தோடு ஏணியில் கால் வைத்தான். மியூரியல் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அதைப் பிடுங்கினாள்.

"அந்தக் கரியில ஒரு பொட்டு கொறஞ்சுது, ஒன் கைய முறிச்சிடுவேன் லென்."